ஸ்டெப்னி இல்லாத வண்டி

ஜனவரி 12

அன்புள்ள அண்ணா,

இங்கே மூன்று பேரும் சுகம். பாப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. எனக்குத்தான் ஊசி குத்திக் கட்டைவிரல் வீங்கிக் கிடக்கிறது. சீட் கவர் தைக்கிறவளுக்கு விரல் வீங்காமல் இருந்தால்தான் அதிசயம். உனக்கு அங்கே குளிர் ஒத்துக்கொள்கிறதா? அண்ணிக்கு உடம்பு எப்படி இருக்கிறது? வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் ஒழுங்காக நடக்கிறதா? நீ இங்கிருந்து எட்டாத தூரத்தில் வண்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணி தனியாகக் கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

புது மாடல் ரகசியம் வெளியே போய்விடும் என்று சோதனைத் தளத்துக் கேட்டிலேயே கைபேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாமே! இந்தக் காலத்தில் என்னைக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். தபால்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் ஓர் அதிகாரி பிரித்துப் படிப்பார் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா வீட்டில் எல்லாரும் சௌக்கியந்தானே?

விஷயத்துக்கு வருகிறேன். உன் மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை வேண்டும். அவருடைய ரிம் தொழிற்சாலையில் ஆட்களை மாற்றிப் போடுகிறார்கள். உங்கள் கம்பெனி வண்டிகளுக்கான ஸ்டெப்னி ரிம் அடிக்கிற லைனுக்கு மேஸ்திரி இடம் காலி. அவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் வேறு ஊரில் அலுமினிய ரிம் தொழிற்சாலை திறந்திருக்கிறார்கள், அங்கே போகலாம். ஆனால் அங்கே சாதாரண கைவேலைதான், வீட்டையும் மாற்ற வேண்டும். எனக்கு வீடு மாறுவதில் துளியும் இஷ்டமில்லை. அவர் மட்டும், "மச்சான் வண்டிக் கம்பெனியிலயே இருக்காரு. அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்று முதலாளியிடம் தவணை வாங்கி வந்திருக்கிறார். நீ என்ன சொல்கிறாயோ அதுதான். சீக்கிரம் எழுது.

உன் வாயாடி


ஜனவரி 28

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை அதிகாரி சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவர் வீட்டில் எல்லாரும் சௌக்கியமாம், சொல்லச் சொன்னார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காற்றுதான் ஓயாமல் அடிக்கிறது, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அலைகிறோம். உன் அண்ணி பரவாயில்லை. சிகிச்சை முழுவதும் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. அந்த ஒரு நிம்மதியில்தான் நான் இங்கே தூங்குகிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும், எடைக் குறைப்புப் பிரிவு. ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டராவது ஓட வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டுவிட்டது. வருஷத்துக்கு வருஷம் அந்த அளவு ஏறும். தேறாத வண்டியை விற்றால் அபராதம். எஞ்சினைப் பிழிகிற அளவுக்குப் பிழிந்தாயிற்று. மிச்சம் எடைதான். பத்து கிராம் குறைந்தால் கைதட்டுகிற கூட்டம் இது. நல்ல சட்டந்தான், தப்பு சொல்ல மாட்டேன். புகை குறையும், ஜனங்களுக்குப் பெட்ரோல் மிச்சம்.

மாப்பிள்ளை கேட்டதற்கு வருகிறேன். அவரிடம் சொல், 

(இங்கே இரண்டு வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன.)

வீடு மாறுவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. பாப்பா சின்னவள், எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒட்டிக்கொள்வாள். சீட் கவர் எந்த ஊரிலும் தைக்கலாம். யோசித்துச் செய்யுங்கள்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

உன் அண்ணன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

சுகம். உன் காதுக்குப் பஞ்சு போதாது, கம்பளிக் குல்லா ஒன்று பின்னி அனுப்புகிறேன். அதையும் எடை போட்டுப் பார்ப்பீர்களோ என்னவோ. அண்ணிக்கு என் அன்பு.

உன் கடிதத்தை வழக்கம்போல உன் மாப்பிள்ளைதான் உரக்கப் படித்தார். நான் தைத்துக்கொண்டே கேட்டேன். கறுப்பு மை வந்ததும் நிறுத்திவிட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் அண்ணன் அப்படி என்ன கெட்ட வார்த்தை எழுதிவிட்டான்? ஐயா, இவ்வளவு அழுத்தி அடித்தால் காகிதம் கிழியாதா?

அவர் சிரிக்கவில்லை. ஜன்னலில் வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "என்னத்தைத் தேடுறீங்க? அதான் அடிச்சுட்டாங்களே" என்றேன். "அடிச்சிருக்காங்களேன்னுதான் பாக்குறேன்" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அக்காவுக்கு டயாலிசிஸ் எல்லாம் கம்பெனி செலவுதானே? மச்சான் வேலையில இருக்கிற வரைக்குந்தானே அது?" அண்ணி மேல் என்னைவிட அவருக்கு அக்கறை அதிகம். சொந்த அக்காவைப் போலத்தான் நினைக்கிறார்.

இன்னும் முடிவு எடுக்கவில்லை. நீ வேறு வீடு மாறச் சொல்கிறாய். எனக்கு உன் மேல் கோபம். இந்த வீட்டின் ஜன்னலோரத்தில் தைப்பதற்கு வெளிச்சம் எப்படி விழுகிறது தெரியுமா? அடித்த வரியை வேறு மாதிரி எழுதி அனுப்பேன்.

உன் வாயாடி


பிப்ரவரி 20

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

அடித்த வரியைப் பற்றி இனிமேல் கேட்காதே. மேலிடத்தில் கூப்பிட்டு நன்றாகக் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை என்றால் வீட்டுக்குத்தான் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். என்னைப் பற்றிக் கவலையில்லை. அண்ணியின் ஆஸ்பத்திரி அட்டை என் வேலையோடு கட்டியது.

ஆகவே வேலை சம்பந்தமாக என்னிடம் எதுவும் கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் மாட்டேன். மாப்பிள்ளை கெட்டிக்காரர். அவர் என்ன முடிவு செய்தார் என்று மட்டும் உடனே எழுது. உடனே எழுது.

அண்ணன்


மார்ச் 5

அன்புள்ள அண்ணா,

எல்லாரும் சுகம், அதற்கு மேல் சந்தோஷம். உன்னைத் திட்டினார்கள் என்று படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் வாய்தான் காரணம். ஐயா, என் அண்ணன் பாவம், ஒன்றும் தெரியாதவன். அண்ணியிடம் இதையெல்லாம் சொல்லாதே.

உன் மாப்பிள்ளை மேஸ்திரி ஆகிவிட்டார்! ஸ்டெப்னி லைனுக்கு. உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். வீடு மாற வேண்டாம், பள்ளிக்கூடம் மாற வேண்டாம். நான் பிடித்த அடம் ஜெயித்தது என்று வைத்துக்கொள். அவருக்குக் கீழே பன்னிரண்டு பேர். எல்லாரும் அவரிடமே வேலை கற்றவர்கள். பைக்குள் பேனா செருகுகிற சட்டை கொடுத்திருக்கிறார்கள். பேனாதான் இல்லை, பாப்பாவின் பென்சிலைச் செருகிக்கொண்டு போகிறார்.

முதல் நாள் வேலை முடிந்து வந்து ரொம்ப நேரம் குளியலறையில் இருந்தார். கதவைத் தட்டினேன். "மேஸ்திரி ஆயிட்டா தலைக்கும் சேத்துக் குளிக்கணும்டி" என்றார். அவர் லைனில் வருகிற ரிம்முக்குப் பளபளப்புப் பெயிண்ட் கிடையாதாம். டிக்கிக்குள் கிடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? அதைச் சொல்லி நான் கிண்டல் செய்தேன். "நாலு சக்கரம் ஓடுறது அஞ்சாவது இருக்குங்கிற தைரியத்துலதான்" என்று பதில் சொன்னார். மேஸ்திரி ஆனதும் பேச்சும் வந்துவிட்டது.

நீயும் சந்தோஷப்படு. குல்லா பொருந்தியதா?

உன் வாயாடி


மே 30

அன்புள்ள வாயாடிக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வேலை தலைக்கு மேல். உடம்புக்கு ஒன்றுமில்லை. குல்லா பொருந்தியது, இரவிலும் அதைக் கழற்றுவதில்லை. உன் அண்ணிக்கு நடுவில் காய்ச்சல் வந்து தேறியது.

மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்.

இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். எழுத ஒன்றும் இல்லை என்பதால்தான். இங்கே காற்று நின்றுவிட்டது, வெயில் தொடங்கிவிட்டது. பாப்பா இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளா? உங்களுக்கு என்ன தேவை என்றாலும், எப்போது என்றாலும், எனக்கு எழுது. சின்ன விஷயம் என்று விட்டுவிடாதே.

உன் அண்ணன்


ஜூலை 14

அண்ணா,

நாங்கள் இருக்கிறோம். அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது பற்றி இப்போதுதான் விசாரிக்கிறேன், மன்னித்துக்கொள்.

உங்கள் புது வண்டி வந்துவிட்டது. எங்கள் தெருமுனையில் பெரிய படம் வைத்திருக்கிறார்கள். எடை குறைவு, மைலேஜ் அதிகம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நான் தைத்துக் கொடுக்கிற சீட் கவர் கடைக்கு முதல் வண்டி உறை போட வந்தபோது நானே போய் டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியையே காணோம். ஒரு பாட்டிலில் பசையும் கையகல பம்பும் இருந்தன. பஞ்சரானால் அந்தப் பசையை டயருக்குள் அடித்துக்கொண்டு போய்விடலாமாம். மூடியை மூடக்கூட மறந்து அப்படியே நின்றேன்.

அவருடைய லைனை மூடிவிட்டார்கள். மற்ற கம்பெனிகளும் ஸ்டெப்னியை எடுக்கப் போகிறார்களாம். முன்பு வண்டிக்கு ஐந்து ரிம், இப்போது நான்கு. அந்த நான்கும் அலுமினியம், வேறு ஊரில் அடிக்கிறார்கள். அங்கே இடமெல்லாம் எப்போதோ நிரம்பிவிட்டது. பன்னிரண்டு பேரும் மேஸ்திரியும் ஒரே நாளில் கேட்டுக்கு வெளியே. எதிரே டீக்கடை வைத்திருந்தவரும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். எங்கள் கடையில்தான் கூட்டம். புது வண்டி விலை ஏறிவிட்டதால் ஜனங்கள் பழைய வண்டிக்கே புது உறை போட்டு ஓட்டுகிறார்கள். ஒரு பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்திருக்கிறது உங்கள் சட்டம்.

அவர் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். சட்டைப் பையிலிருந்த பென்சிலைப் பாப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உனக்குத் தெரியாது என்று நினைத்துப் பார்த்தேன். தெரியும் என்றும் நினைத்துப் பார்த்தேன். இரண்டில் எது உண்மை என்று நீயே எழுது.

தங்கை


ஆகஸ்ட் 2

அன்புள்ள தங்கைக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உன் அண்ணி சுமாராக இருக்கிறாள்.

தெரியும். வண்டி வெளியே வந்துவிட்டதால் இப்போது எழுதத் தடையில்லை. அன்று அடித்த இரண்டு வரி இதுதான்: "ஸ்டெப்னி லைன் வேண்டாம். அலுமினியத் தொழிற்சாலைக்குப் போகச் சொல்." அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அடித்த பிறகுதான் கடிதத்தைப் போகவிட்டார்கள்.

இன்னொரு தடவை வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். யாராவது ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கலாம். கையெழுத்து வாங்கிய காகிதம் கண் முன்னால் நின்றது. உன் அண்ணி அந்த மிஷின் பக்கத்தில் படுத்திருப்பதும் நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்டெப்னியை எடுத்தது எங்கள் பிரிவு. மிதியடியில் குறைத்தோம், சீட் பஞ்சில் குறைத்தோம், ஜாக்கியைச் சின்னதாக்கினோம், போதவில்லை. கடைசியில் ஒரே இடத்தில் பதினான்கு கிலோ சும்மா கிடந்தது. அது சும்மா கிடக்கவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். சட்டம் போட்டவர்களுக்கு உன் வீடு தெரியாது. அவர்கள் நல்லதை நினைத்துத்தான் போட்டார்கள். நானும் கெட்டதை நினைத்துச் செய்யவில்லை. அதனால் உனக்கு ஒரு லாபமும் இல்லை.

மாப்பிள்ளையிடம் அந்த இரண்டு வரியையும் படித்துக் காட்டு. என்னால் முடிந்ததை அனுப்புகிறேன், மறுக்காதே.

அண்ணன்


செப்டம்பர் 25

அண்ணா,

பாப்பா நலம், பல் விழுந்து முளைக்கிறது. அண்ணியைக் கேட்டதாகச் சொல். ஒன்றரை மாதம் உனக்கு எழுத மனசு வரவில்லை. நீ அனுப்பியதை அவர் திருப்பி அனுப்பச் சொன்னார், வந்து சேர்ந்திருக்கும். கோபத்தில் அல்ல.

அந்த இரண்டு வரியைப் படித்துக் காட்டினேன். குதிப்பார் என்று நினைத்தேன். "அப்படியா?" என்று மட்டும் சொன்னார். "எங்க அண்ணன் வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று நான்தான் கத்தினேன். "விடுடி. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாரு" என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது?

இப்போது அவருக்கு வேலை இருக்கிறது, நீ கேட்டால் சிரிப்பாய். மூடிய லைனில் பழைய இரும்பாகப் போக இருந்த ரிம்களை வாங்கி, டயர் மாட்டி, ஒரு பழைய சின்ன வேனில் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் நிற்கிறார். புது வண்டி பஞ்சராகி நிற்கிறவர்கள் கூப்பிடுகிறார்கள். போய் மாட்டிவிட்டு வருகிறார். "உங்க அண்ணன் எடுத்து வெளிய போட்டதை நான் ஊர் ஊராக் கொண்டு போய்க் குடுக்குறேன்" என்று சொல்லிச் சிரிக்கிறார். லைனில் அவருக்கு வலது கையாக இருந்த வெல்டரும் கூடப் போகிறார்.

பஞ்சருக்குப் பஞ்சமே இல்லை. மைலேஜ் கிடைக்கிறது என்று பக்கத்துத் தெருவுக்குக்கூட வண்டியை எடுக்கிறார்கள். தூரத்தில் வாடகை குறைவு என்று அங்கே குடி போய்த் தினமும் ஓட்டுகிறார்கள். மிச்சம் பிடித்த பெட்ரோலைத் தூரத்தில் கொட்டுகிறார்கள். அப்படியும் பெட்ரோல் வரி முன்பு மாதிரி வசூலாகவில்லையாம், அதனால் சாலையில் விழுந்த பள்ளம் விழுந்தபடி கிடக்கிறது. அவருக்கு வேலை கொட்டுகிறது. சாலையோரத்தில் குனிந்து வேலை செய்கிறவரின் முதுகுப் பக்கம் யார் பார்ப்பது?

உன் மேல் இன்னும் முழுசாகக் கோபம் போகவில்லை. கொஞ்சம் போயிருக்கிறது.

வாயாடி


அக்டோபர் 11

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதத்தின் கீழே "வாயாடி" என்று பார்த்ததும் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அதிகாரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் நலம். உன் அண்ணியும் நலம், நாக்குக்கு ருசி திரும்பியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாள்.

மாப்பிள்ளையிடம் சொல், பளபளக்கிற மேல்சட்டை போடாமல் சாலையில் இறங்கக் கூடாது. சிவப்பு முக்கோணப் பலகையை வெகு தூரம் பின்னால் வைக்க வேண்டும். முடிந்தால் வண்டியைச் சாலையை விட்டு இறக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். வளைவில் நிற்கவே கூடாது.

அடுத்த மாடலுக்கும் என்னை இங்கேயே நிறுத்திவிட்டார்கள். லீவு கிடைத்ததும் வருவேன். ஒரு நாள் முழுக்க அவர் வேனில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போக வேண்டும். நட்டு முறுக்க நான் கூட மாட இருப்பேன் என்று சொல். பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

உன் அண்ணன்


டிசம்பர் 2

அம்மா தங்கச்சி,

உங்கள் வீட்டிலிருந்து தளத்துக்குத் திரும்பி வந்து எழுதுகிற மூன்றாவது கடிதம் இது. பாப்பா சாப்பிடுகிறாளா? நீ சாப்பிடுகிறாயா? எனக்கு ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்


டிசம்பர் 19

அண்ணா,

மூன்று கடிதங்களும் வந்தன. பாப்பா சாப்பிடுகிறாள். அவள் சாப்பிடுவதற்காக நானும் கூட உட்கார்கிறேன்.

காரியத்துக்கு நீ வந்திருந்த இரண்டு நாளும் உன்னோடு நான் பேசவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாய். நான் உள்ளே போய்விட்டேன். வெளியே நின்றிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

எப்படி நடந்தது என்று முதல் இரண்டு கடிதத்திலும் கேட்டிருக்கிறாய். உங்கள் வண்டிதான். ஒரு தம்பதியும் இரண்டு குழந்தைகளும். பள்ளத்தில் இறங்கி டயரின் பக்கவாட்டில் கிழிந்திருக்கிறது. கிழிசலுக்கு அந்தப் பாட்டில் பசை நிற்கவில்லை. இவர் போயிருக்கிறார். நல்ல பகல் வெளிச்சம், மேல்சட்டை போட்டிருந்தார், பலகையும் வைத்திருந்தார். நீ எழுதியதெல்லாம் செய்திருந்தார். நின்ற இடந்தான் வளைவு. வண்டியை நகர்த்த வழியில்லை. குழந்தைகளை முதலில் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுத்தான் ஜாக்கியை எடுத்தாராம். கடைசி நட்டு முறுக்கும்போது வளைவில் திரும்பிய லாரி ஓரமாக ஒதுங்கி வந்து அவரை அடித்துவிட்டது. சக்கரம் மாட்டியாகிவிட்டது. அந்தக் குடும்பம் அந்தச் சக்கரத்தில்தான் வீட்டுக்குப் போனது. அந்தம்மா வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். அவரை நான் என்ன சொல்ல?

இதெல்லாம் எழுத இந்தக் கடிதத்தை எடுக்கவில்லை. போன வாரம் வெல்டர் வந்தார். வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "அம்மா, மேஸ்திரி சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. இனிமே யாருக்காக வச்சிருக்கிறது?" என்றார்.

அவருக்குத் தெரியும், அண்ணா. அந்தக் கறுப்பு மையைப் பார்த்த அன்றைக்கே தெரியும். லைனை மூடிய நாள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு வெல்டரிடம் சொல்லியிருக்கிறார். "ஸ்டெப்னி லைன் நல்லதுன்னு எழுதியிருந்தா எதுக்கு அடிக்கப் போறாங்க? வேண்டான்னு எழுதியிருக்காரு. அதான் அடிச்சிருக்காங்க." வெல்டர் இவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாராம், தெரிந்துமா போனாய் என்று. அதற்கு இவர் சொன்னதை வெல்டர் அப்படியே சொன்னார். "மேஸ்திரி வேலையை வேண்டான்னுட்டு எவனாவது கைவேலைக்குப் போவானா? நான் போனா நீங்க பன்னெண்டு பேரும் என் பின்னாலயே வந்திருப்பீங்க. யாரு சொன்னதுன்னு அன்னைக்கே பிடிச்சிருவாங்க. மச்சானுக்கு ஏற்கெனவே ஒரு தடவை எழுதி வாங்கிட்டாங்க. அவருக்கு வேலை போனா, அக்காவுக்கு அந்த மிஷின் நின்னுரும். எனக்கு வேலை போனா வேற வேலை பாத்துக்கலாம்."

பன்னிரண்டு பேருக்கும் சொல்லாமல் விட்டதுதான் அவரை அரித்திருக்கிறது. வேனில் கிடைத்ததில் பாதியை ஒவ்வொரு மாதமும் அவர்களில் ஒருவர் வீட்டில் கொடுத்துவிட்டு வருவாராம். மேஸ்திரி ஆன முதல் நாள் குளியலறையில் அவ்வளவு நேரம் என்ன செய்தார் என்று இப்போது புரிகிறது. நான் கதவுக்கு வெளியே நின்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன். என் அடம்தான் ஜெயித்தது என்று உனக்குப் பெருமையாக எழுதினேன்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. சில நாள் அந்த லாரிக்காரன் மேல், சில நாள் சட்டம் போட்டவர்கள் மேல். எல்லாவற்றையும்விட அவர் மேல். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஒரே பாயில் படுத்தவளிடம் சொல்லக் கூடாதா? ராத்திரி பூராவும் அதையே கேட்டேன், பதிலும் கிடைத்துவிட்டது. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்த அலுமினியத் தொழிற்சாலை ஊருக்கு வண்டி ஏறியிருப்பேன். அண்ணியை நினைத்திருக்கவே மாட்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் அண்ணி எப்படி, அண்ணி எப்படி என்று கேட்ட நான் நினைத்திருக்க மாட்டேன். அவர் நினைத்தார். இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அண்ணியிடம் இதைச் சொல்லாதே. தெரிந்தால் மிஷினுக்குப் போக மாட்டேன் என்பார்கள்.

இதைப் படிக்கும் ஐயாவுக்கு: இதில் அடிக்க ஒன்றும் இல்லை ஐயா. வண்டி வெளியே வந்துவிட்டது, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. முழுசாகக் கொடுத்துவிடுங்கள்.

அண்ணிக்கு உடம்பு எப்படி இருக்கிறது? வாரத்தில் மூன்று நாளும் போகிறார்களா? ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, அண்ணா. நீ பக்கத்தில் இல்லாவிட்டாலும் யாரையாவது கூட அனுப்பு. போய்விட்டு வந்தார்கள் என்று வாரா வாரம் எனக்கு எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம், அது மட்டும் போதும்.

உன் தங்கை